பெர்சியன் குட்டி வாங்கும்போது தாயைப் பாருங்கள்

பெர்சியன் பூனைக்குட்டி விற்பவர் முதலில் எடுப்பது முகத்தைப் பற்றிய பேச்சைத்தான். டால் ஃபேஸ், செமி பஞ்ச், பஞ்ச் ஃபேஸ், எக்ஸ்ட்ரீம் பஞ்ச் என்று வரிசையாகச் சொல்வார். மூக்கு உள்ளே போகப் போக விலை மேலே போகும். டால் ஃபேஸ் குட்டிக்குப் பத்தாயிரத்தை ஒட்டி விலை சொல்பவர், அதே வயதுப் பஞ்ச் ஃபேஸ் குட்டிக்கு மூன்று நான்கு மடங்கு கூசாமல் கேட்பார். வாங்குபவரும் கொடுத்துவிடுகிறார். பிறகு அதே முகத்துக்காக மருத்துவரிடம் அலைகிறார்.

சப்பை முகம் என்பது மண்டையோடு குறுகிப்போனதால் வருவது. எலும்பு குறுகினாலும் உள்ளே இருக்கும் சதை அதற்கேற்பக் குறைவதில்லை. மூக்குத் துவாரம் கீறல்போல ஒடுங்குகிறது. கண்ணீர் மூக்குக்குள் இறங்கும் குழாய் வளைந்து மடங்குவதால், கண்ணீர் கன்னத்தில் வழிந்து பழுப்புக் கறையாகிறது. மேல்தாடையும் கீழ்த்தாடையும் பொருந்தாமல் பற்கள் கோணுகின்றன. குட்டிகளின் தலை அகலமாக இருப்பதால் பிரசவமும் சிக்கலாகிறது. நம் ஊர் மே மாத வெயிலில், மூச்சே சிரமப்பட்டு விடும் பூனை எப்படித் தன் உடலைக் குளிர்வித்துக்கொள்ளும்? மூக்கு வெளியே தெரியும் டால் ஃபேஸ் குட்டிதான் தமிழ்நாட்டு வீட்டுக்கு ஏற்றது என்று நான் தயங்காமல் சொல்வேன். விலை குறைவு என்பதற்காக இல்லை. அது நிம்மதியாக மூச்சு விடும் என்பதற்காக. மூக்கின் மேல்விளிம்பு கண்ணின் கீழிமைக்குக் கீழே இருக்கிறதா என்று பக்கவாட்டில் உட்கார்ந்து பாருங்கள். கீழிமையைத் தாண்டி மேலே ஏறியிருந்தால் அந்தக் குட்டியை விட்டுவிடுங்கள்.

“டிரிபிள் கோட்” என்ற சொல்லுக்கும் காசு கேட்பார்கள். பெர்சியனுக்கு உள்ளே மென்மையான அடிரோமம், வெளியே நீண்ட மேல்ரோமம். அவ்வளவுதான். குட்டி ரோமம் நாலைந்து மாதத்தில் உதிர்ந்து, பூனை சில வாரம் பரட்டையாக நிற்கும். பெரிய ரோமம் அதற்குப் பிறகுதான் வளரும். இரண்டு மாதக் குட்டியைப் பார்த்து அதன் ரோமம் எவ்வளவு அடர்த்தியாகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

காது மடிந்த ஸ்காட்டிஷ் ஃபோல்ட் குட்டிகளும் இப்போது நம் ஊரில் விற்பனைக்கு வருகின்றன. அவற்றை வாங்கவே வேண்டாம். காதை மடிக்கும் அதே மரபணுக் கோளாறு மூட்டுகளின் குருத்தெலும்பையும் கெடுக்கிறது. பிரிட்டனின் ஜிசிசிஎஃப் சங்கம் இந்த இனத்தைப் பதிவு செய்வதில்லை.

பேப்பர் என்ன சொல்லும், என்ன சொல்லாது

வம்சச் சான்றிதழைத்தான் விற்பவர்கள் “பேப்பர்” என்கிறார்கள். பூனைகளைப் பதிவு செய்யும் சர்வதேச அமைப்புகளில் 1906-இல் தொடங்கிய சிஎஃப்ஏ, 1979-இல் வந்த டிக்கா, ஐரோப்பாவைச் சேர்ந்த டபிள்யூசிஎஃப் ஆகியவை முக்கியமானவை. சான்றிதழில் குட்டியின் பெயர், பிறந்த தேதி, நிறம், பதிவு எண், பெற்றோர் தொடங்கி மூன்று நான்கு தலைமுறை முன்னோரின் பெயர்கள் இருக்கும். அந்த எண்ணை அமைப்புக்கு எழுதிக் கேட்டுச் சரிபார்க்கலாம். “கேசிஐ பேப்பர் இருக்கு சார்” என்று பூனைக்கு யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். சென்னையில் தலைமையகம் உள்ள கென்னல் கிளப் ஆஃப் இந்தியா நாய்களுக்கானது.

பேப்பர் இல்லாத பெர்சியனும் நல்ல பூனைதான். கண்காட்சிக்கும் இனப்பெருக்கத்துக்கும் போகாத பூனைக்குப் பேப்பரால் அன்றாடம் ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் பேப்பர் இல்லாத குட்டிக்குப் பேப்பர் உள்ள குட்டியின் விலையைக் கொடுக்காதீர்கள். “பேப்பர் அப்புறம் வரும்” என்பதையும் நம்பாதீர்கள்.

பேப்பர் சொல்லாத ஒன்று உண்டு. சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வளரும் பிகேடி என்னும் பரம்பரை நோய் பெர்சியன் இனத்தைப் பிடித்திருக்கிறது. பல நாடுகளில் நடந்த பழைய சோதனைகளில் மூன்றில் ஒரு பெர்சியனுக்கு மேல் இந்த நோய் இருந்தது. கட்டிகள் பிறப்பிலிருந்தே இருக்கும். ஆனால் பூனை ஏழெட்டு வயதில் இளைத்து, தண்ணீர் அதிகம் குடிக்கத் தொடங்கும்போதுதான் வெளியே தெரியும். தாய், தகப்பன் இரண்டில் ஒன்றிடம் அந்த மரபணு இருந்தாலே குட்டிகளில் சராசரியாகப் பாதிக்கு அது போய்விடும். 2004-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் அந்த மரபணு மாற்றத்தைக் கண்டறிந்தார்கள். அதன் பிறகு கன்னத்தின் உள்பக்கம் பஞ்சால் தேய்த்து அனுப்பினாலே முடிவு தெரிந்துவிடுகிறது. பெற்றோர் இருவருக்கும் ‘பிகேடி இல்லை’ என்று முடிவு இருந்தால் குட்டிகளைச் சோதிக்கவே தேவையில்லை. ஒரே ஒரு சோதனையால் ஒரு தலைமுறைப் பூனைகளைக் காப்பாற்ற முடிகிறபோது, அதைச் செய்யாமல் குட்டி விற்பவரை நல்ல பிரீடர் என்று என்னால் ஏற்க முடியவில்லை. நீங்கள் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆள் வருவதற்குள் சோதனை செய்து வைத்திருப்பார்கள்.

நாற்பது நாள் குட்டி வேண்டாம்

“தானா சாப்பிடுது, லிட்டர் தட்டுல போகவும் பழகிருச்சு” என்று சொல்லி நாற்பது, நாற்பத்தைந்து நாள் குட்டியைத் தலையில் கட்டுவது இங்கே சாதாரணம். குட்டி எவ்வளவு சின்னதோ அவ்வளவு அழகு, அதனால் சீக்கிரம் விலை போகிறது. பன்னிரண்டு வாரம் முடியாத குட்டியை வாங்காதீர்கள். தாயிடமிருந்து கிடைத்த நோய் எதிர்ப்பு ஆறாவது வாரத்திலிருந்து மெல்ல வடிகிறது. தடுப்பூசியின் பலம் அப்போது இன்னும் ஊறியிருக்காது. அந்த இடைவெளியில் குட்டியைப் பிரித்து, பெட்டியில் அடைத்து, பேருந்தில் ஏற்றி, புது வீட்டில் இறக்கினால் நோய்க்குக் கதவைத் திறந்து வைத்த மாதிரி. கடிக்கும்போது எவ்வளவு அழுத்தலாம், எப்போது நகத்தை உள்ளே இழுக்க வேண்டும் என்பதையெல்லாம் அது தாயிடமும் உடன்பிறந்தவற்றிடமும்தான் கற்கிறது.

வயதை விற்பவர் வாயால் அறிய வேண்டியதில்லை. எல்லாக் குட்டிகளும் நீலக் கண்ணோடு பிறந்து, ஆறேழு வாரத்தில்தான் நிறம் மாறத் தொடங்கும். வெள்ளைப் பூனைக்கும், சயாமிஸ்போல முகமும் காதும் வாலும் மட்டும் கருத்த ஹிமாலயனுக்கும் நீலம் நிலைக்கலாம். மற்ற நிறக் குட்டிக்கு “ரெண்டரை மாசம்” என்று சொல்லியும் கண் முழு நீலமாக இருந்தால் அது பொய். பன்னிரண்டு வாரக் குட்டி ஒரு கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும். சமையல் தராசு ஒன்றை எடுத்துப் போங்கள்.

குட்டி பிறந்த வீட்டில்

தாய் இருக்கும் இடத்துக்கே போய்ப் பார்க்க வேண்டும். பேருந்து நிலையத்தில் கைமாற்றுவது, “வழியில் வந்து தர்றேன்” என்பது, தாயின் வீடியோ மட்டும் அனுப்புவது எல்லாமே எதையோ மறைப்பதற்கான வழிகள். கடையில் வாங்குவதானால், 2018-ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி அந்தக் கடை மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் கேளுங்கள். ஆனால் கடையில் தாயைக் காட்ட மாட்டார்கள். அதனாலேயே நான் கடையைப் பரிந்துரைப்பதில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் மூக்குக்கு வேலை கொடுங்கள். சுத்தமான பூனை வீட்டில் மூத்திர நெடி கண்ணைக் கரிக்காது. எத்தனை பூனை, எத்தனை கூண்டு என்று பாருங்கள். தாய் எலும்பும் தோலுமாக இருக்கிறதா, ரோமம் சிக்குப் பிடித்துக் கிடக்கிறதா, அந்நியரைக் கண்டு மூலையில் ஒடுங்குகிறதா? தாயின் குணம் குட்டியிடம் பெரும்பாலும் வரும். வருடத்துக்கு எத்தனை ஈற்று என்று நேராகக் கேளுங்கள். மூன்று என்றால் அது பூனை வளர்ப்பு இல்லை.

குட்டியைத் தூக்குவதற்கு முன் தரையில் விட்டுப் பாருங்கள். ஒரு நூலையோ இறகையோ இழுத்தால் பின்னால் ஓடி வர வேண்டும். ஓடிக் களைத்த பிறகும் வாயை மூடிக்கொண்டு, குறட்டைச் சத்தம் இல்லாமல் மூச்சு விட வேண்டும். அதன் முதுகுக்குப் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள், காது திரும்புகிறதா? நீலக் கண் வெள்ளைக் குட்டிகளில் செவிடு அதிகம் என்பதால் அவற்றுக்கு இது கட்டாயம். பிறகு மடியில் வைத்துக்கொண்டு உதட்டை மெல்ல உயர்த்துங்கள். ஈறு ரோஜா நிறத்தில் இருந்தால் நல்லது, வெளுத்திருந்தால் குடல்புழுவோ தெள்ளுப்பூச்சியோ ரத்தத்தைக் குடித்திருக்கலாம். காதுக்குள் காப்பித்தூள் மாதிரி கறுப்பாக அப்பியிருந்தால் காதுச் சிற்றுண்ணி. வாலைத் தூக்கிப் பாருங்கள், பேதியின் தடம் இருக்கக் கூடாது. கடைசியாக, காது நுனி, மூக்கோரம், முன்னங்கால் ஆகிய இடங்களில் ரோமத்தை விரலால் வகிர்ந்து தோலைத் தேடுங்கள். வட்டமாக ரோமம் உதிர்ந்து செதில் படிந்திருந்தால் அது படர்தாமரை.

இந்தப் படர்தாமரையைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பெர்சியன் வாங்குபவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்வது இதில்தான். மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற பூஞ்சை நீண்ட ரோமத்துக்குள் ஒளிந்து, வெளியே தெரியாமலே இருக்கும். குட்டி வந்த சில வாரத்தில் குழந்தைகளின் கையிலும் கழுத்திலும் சிவப்பு வளையம் கிளம்பும்போதுதான் விஷயம் தெரியும். உயிருக்கு ஆபத்து இல்லை. ஆனால் பூனைக்கு உள்மருந்து, மருந்துக் குளியல், வீட்டில் துணி, சோபா, சீப்பு எல்லாவற்றையும் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்வது என்று மாதக்கணக்கில் இழுக்கும். இந்த நிலையில்தான் பலர் பூனையையே வெளியேற்றிவிடுகிறார்கள். “சின்னதா அலர்ஜி, தேங்காய் எண்ணெய் தடவினால் போயிடும்” என்று விற்பவர் சொன்னால் குட்டியைக் கீழே இறக்கிவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் அவரையும் அழைத்துப் போய் ஒரு மணி நேரமாவது அங்கே உட்கார வையுங்கள். ஒவ்வாமை வருவது பூனையின் எச்சிலிலும் தோலிலும் இருக்கும் ஒரு புரதத்தால். எந்த இனமும் அதற்கு விலக்கு இல்லை.

பணம் கொடுப்பது

பார்க்காத குட்டிக்கு அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். குறைந்த விலை சொல்லி முன்பணம் வாங்கி, பிறகு விமானக் கட்டணம், கூண்டுக் கட்டணம், திருப்பித் தரப்படும் இன்ஷூரன்ஸ் என்று கறந்துகொண்டே போகும் மோசடி நாடு முழுக்க நடக்கிறது. அங்கே குட்டியே இருக்காது.

நல்ல பிரீடர் எழுதிக் கொடுப்பார். பிறந்த தேதி, பெற்றோர், போட்ட தடுப்பூசிகளின் ஸ்டிக்கர் ஒட்டிய மருத்துவ அட்டை, புழுமருந்து கொடுத்த தேதிகள், குறிப்பிட்ட நாளுக்குள் தொற்று நோய் கண்டால் யார் பொறுப்பு, உங்களால் வளர்க்க முடியாமல் போனால் பூனையைத் திரும்ப எடுத்துக்கொள்வாரா என்பவையெல்லாம் அதில் இருக்க வேண்டும். கடைசி ஷரத்தைக் கேட்டவுடன் விற்பவரின் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். நல்ல பிரீடரும் உங்களைக் கேள்வி கேட்பார்: பால்கனிக்கு வலை இருக்கிறதா, பகலில் வீட்டில் யார் இருப்பார்கள் என்று. கோபப்படாதீர்கள். கேள்வி கேட்பவர்தான் நல்லவர்.

முதல் பத்து நாள்

வீடு முழுவதையும் திறந்துவிடாமல் ஓர் அறையை ஒதுக்குங்கள். ஒரு மூலையில் லிட்டர் தட்டு, எதிர் மூலையில் சாப்பாடும் தண்ணீரும், ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி. தாய் படுத்த துணி ஒன்றைக் கேட்டு வாங்கி அதில் போடுங்கள். பிரீடர் கொடுத்த அதே உணவு, அதே லிட்டர் தொடரட்டும். மாற்ற வேண்டுமானால் ஒரு வாரத்துக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள். சின்னக் குட்டிகள் லிட்டரைத் தின்று பார்க்கும் என்பதால், நனைந்தால் கட்டியாகும் பெண்டோனைட் வகையைத் தவிர்த்து மரத்தூள் உருண்டை போடலாம்.

இரண்டு மூன்று நாளுக்குள் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். சென்னைக்காரர்களுக்கு, 1903-இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. பன்லூக்கோபீனியா, பூனை ஜலதோஷம் உண்டாக்கும் இரு வைரஸ்கள் ஆகிய மூன்றுக்கும் சேர்த்துப் போடும் ஊசியை எட்டாவது, பன்னிரண்டாவது வாரங்களில் போட்டு, பதினாறாவது வாரத்திலோ அதற்குப் பிறகோ ஒரு முறை போட்டு முடிக்க வேண்டும். பன்னிரண்டு வாரம் ஆனதும் ரேபிஸ் ஊசி. வீட்டைவிட்டு இறங்காத பூனைக்கும் இது நம் நாட்டில் கட்டாயம் வேண்டும். சென்னை மாநகராட்சியின் செல்லப்பிராணி உரிமத்துக்கும் ரேபிஸ் ஊசி போட்ட சான்று கேட்பார்கள். குட்டி சாப்பிடாமல், வாந்தி எடுத்து, தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். பன்லூக்கோபீனியா ஓரிரு நாளில் கொன்றுவிடும். அந்த வைரஸ் வீட்டுத் தரையில் ஒரு வருடம்கூடத் தங்கும். அதனால் முன்பு அந்த நோயில் ஒரு குட்டி இறந்த வீட்டுக்குத் தடுப்பூசி முடியாத குட்டியைக் கொண்டுவரக் கூடாது.

வீட்டில் ஏற்கெனவே பூனை இருந்தால் இரண்டு வாரம் தனித்தனியே வையுங்கள். முதலில் கதவிடுக்கு வழியாக மோப்பம், பிறகு சந்திப்பு.

சீப்பு

பெர்சியன் வாங்குவது தினமும் பதினைந்து நிமிடம் சீவுவதற்கு ஒப்புக்கொள்வது. ஒரு பக்கம் அகலப் பற்களும் மறுபக்கம் நெருக்கப் பற்களும் கொண்ட இரும்புச் சீப்பு போதும். மேலாக பிரஷ் ஓட்டினால் வெளியே பளபளக்கும், அடியில் சிக்கு விழுந்துகொண்டே இருக்கும். ரோமத்தைக் கையால் பிரித்து, தோல் தெரியும் இடத்திலிருந்து வெளிநோக்கிச் சீவ வேண்டும். காதுக்குப் பின்னால், அக்குள், தொடையிடுக்கு, வயிறு ஆகிய இடங்களில்தான் முடிச்சு விழும். முடிச்சின் அடிப்பக்கத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டால் தோல் இழுபடாது. நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்து வாருங்கள். கத்தரிக்கோலை மட்டும் எடுக்காதீர்கள். பூனைத் தோல் காகிதம்போல மெலிது, முடிச்சோடு சேர்ந்து கூடாரமாக எழும்பி நிற்கும், வெட்டினால் தோல்தான் கிழியும். அவிழாத முடிச்சை மருத்துவரிடமோ பழகியவரிடமோ சொல்லி மெஷினால் எடுத்துவிடுங்கள். பின்புறத்து ரோமத்தையும் மெஷினால் குட்டையாக எடுத்து வைத்தால் மலம் ஒட்டாது. குளிப்பாட்டினால் அடிரோமம் வரை உலர்த்த வேண்டும். ஈரம் நின்றால் பூஞ்சை திரும்பும். கண்ணோரக் கறையைத் தினமும் ஆறிய வெந்நீரில் நனைத்த பஞ்சால், கண்ணுக்கு ஒரு பஞ்சு என்று துடையுங்கள்.

கோடையில் மதிய நேரத்தில் மின்விசிறியோ ஏசியோ ஓடும் அறையில் வையுங்கள். பூனை நாயைப்போல வாயைத் திறந்து இரைத்தால் அது விளையாட்டு இல்லை. ஈரத் துண்டால் துடைத்தபடியே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

சாப்பாடும் விஷமும்

பாலும் தயிர்சாதமும் பூனைக்கு உணவு என்ற எண்ணத்தை வாசலிலேயே விட்டுவிடுங்கள். பூனை இறைச்சி தின்னும் பிராணி. டாரின் என்ற சத்து இல்லாவிட்டால் அதன் கண்ணும் இதயமும் கெடும். குட்டிகளுக்கென்று தயாரித்த நல்ல உணவை ஒரு வருடம் வரை கொடுங்கள். வேகவைத்த கோழி சேர்க்கலாம், வெங்காயமும் பூண்டும் படக் கூடாது. உலர் தீனி மட்டுமே போட்டால் உடலில் தண்ணீர் குறையும், குறிப்பாக ஆண் பூனைகளுக்கு மூத்திரம் அடைக்கலாம். லிட்டர் தட்டில் ஏறி ஏறி முக்கியும் மூத்திரம் வராவிட்டால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

நம் வீட்டிலேயே இருக்கும் விஷங்கள் மூன்று. முதலாவது பெனாயில்: அது பாதத்தில் ஒட்டி, நக்கும்போது உள்ளே போகும். பூனையின் ஈரல் அதை முறிக்காது. இரண்டாவது பாராசிட்டமால்: காய்ச்சல் என்று அரை மாத்திரை கொடுத்தாலே உயிர் போகும். மூன்றாவது, நாய்க்குத் தடவும் பெர்மெத்ரின் கலந்த உண்ணி மருந்து. மாடி வீடானால் குட்டி வருவதற்கு முன்பே பால்கனிக்கும் ஜன்னலுக்கும் உறுதியான வலை அடித்துவிடுங்கள்.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் பெரியவர்கள் பூனையை அனுப்பச் சொல்வார்கள். அனுப்ப வேண்டாம். டாக்சோபிளாஸ்மா கிருமி மலத்தில் வெளியேறித் தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளுக்கு மேல் ஆகும். தட்டை வேறொருவர் தினமும் சுத்தம் செய்து, பூனைக்குப் பச்சை இறைச்சி கொடுக்காமல் இருந்தால் போதும்.

கருத்தடை

பெண் குட்டி நான்கு மாதத்திலேயே பருவத்துக்கு வரலாம். பகல் நீளத்தைப் பார்த்துப் பூனைக்குப் பருவம் வருவதால், வெளிச்சம் குறையாத நம் ஊரில் அது வருடம் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். இரவெல்லாம் கத்தும், உருளும். ஆண் பூனை சுவரெங்கும் மூத்திரம் பீய்ச்சும். நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் அறுவை செய்தால் இரண்டும் நிற்கும், பெண் பூனைக்கு மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் பெருமளவு குறையும். “ஒரு தடவை குட்டி போடட்டும், போட்ட காசு வந்துடும்” என்ற கணக்கு வேண்டாம். பிகேடி சோதனை செய்யாத இன்னொரு ஈற்று சந்தைக்கு வருவதுதான் அதன் விளைவு.

பெர்சியன் பன்னிரண்டு, பதினைந்து வருடம் வாழும். இன்று பள்ளிக்குப் போகும் பிள்ளை வேலைக்குப் போகும் வரை அது உங்கள் வீட்டில் இருக்கும். சீவ நேரமில்லை, ரோமம் கொட்டுகிறது, வீடு மாறுகிறோம் என்று கைவிடப்பட்ட பெரிய பெர்சியன்களும் விலங்கு நல அமைப்புகளிடமும் மீட்பாளர்களிடமும் புது வீட்டுக்குக் காத்திருக்கின்றன. அவற்றின் முகம், குணம், உடல்நிலை எல்லாம் ஏற்கெனவே தெரிந்தவை, கருத்தடையும் பெரும்பாலும் முடிந்திருக்கும். குட்டிக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் அவற்றில் ஒன்றையாவது நேரில் போய்ப் பாருங்கள்.